ஜெனிற்றாவின் முறை

ஊரின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கட்சியின் பெயரை எழுதவே போவதில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. கட்சிக் கந்தோரில் எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது, பின்னேரம் நாலு மணிக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ வருகிறது. வீட்டில் மனைவி பராசக்தியோடு நாள் முழுக்க முகம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அந்தக் கதிரையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஜெனிற்றாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மூன்று கட்சிகளின் வேட்புமனுவில் ஏறிய பெயரை இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

கோப்பாயில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அதன் பிறகு மருதனார்மடச் சந்தியில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் இந்தக் கந்தோருக்கு வந்தேன். கடிதம் எழுதுவது, கூட்ட அறிக்கை எழுதுவது, ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் வேலை. தேர்தல் வந்தால் இன்னொரு வேலையும் சேரும். கட்சி மக்களின் உரிமைக்காக என்னென்ன செய்தது, எந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியது, எதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தது என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுத வேண்டும். அதை இந்தப் பகுதியில் என்னைவிட வடிவாக எழுத ஆளில்லை என்று சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

1948 இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம், 1956 இல் தனிச் சிங்களச் சட்டம், 1957 இல் சாதி சொல்லிக் கோயிலிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஆட்களை மறிக்கக்கூடாது என்ற சட்டம், 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். எல்லாக் கட்சிக்கும் இவைதான் ஆண்டுகள். நடுவில் மனம் முறிந்து இன்னொரு கட்சிக்கும் இரண்டு தேர்தல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே ஆண்டுகள், அதே சட்டங்கள். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதுதான் வித்தியாசம். 1957 சட்டத்தை ஆதரித்தோம் என்று தடித்த எழுத்தில் போடுவேன். அதற்குப் பத்து வருடம் கழித்தும் எங்கள் கோயில் வாசலில் கைகோத்து நின்று ஆட்களை மறித்தவர்களில் எத்தனை பேர் கட்சிக்காரர் என்று போடமாட்டேன். என் தகப்பனும் அந்த வரிசையில் நின்றவர்தான்.

பிறகு 2016 இல் ஒரு திருத்தம் வந்தது. உள்ளூராட்சிச் சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். அதையும் பிரசுரத்தில் சேர்த்தேன். 'பெண்களுக்கு இருபத்தைந்து வீதம்: நாம் குரல் கொடுத்துப் பெற்ற உரிமை.' அன்றுவரை எங்கள் கந்தோரின் படி ஏறிய பெண்களை ஒரு கை விரலால் எண்ணலாம். சட்டம் வந்ததும் கட்சிகள் எல்லாம் பெண் தேடத் தொடங்கின. படித்த பெண்கள் மறுத்தார்கள். உத்தியோகத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள். மிஞ்சியவர்கள் ஜெனிற்றா போன்றவர்கள்.

ஜெனிற்றா குருநகரில் பிறந்தவர். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை களங்கட்டித் தொழில் செய்தவர். கடலேரியில் தடிகளை நட்டு, வலையைக் கட்டி, வற்றும் தண்ணீரோடு வரும் மீனைப் பிடிக்கிற தொழில் அது. எந்த இடத்தில் தடி நடுவது என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. நல்ல இடம் கிடைத்தவனுக்கு அந்த வருடம் கல்யாணம் காட்சி நடக்கும், மற்றவன் கஞ்சி குடிப்பான். அதனால் இடத்துக்குச் சீட்டுப் போடுவார்களாம். பெயர்களை எழுதி, சுருட்டி, வெறும் பால்மாத் தகரப்பேணியில் போட்டு, கோயில் மூப்பர் எல்லாருக்கும் முன்னால் குலுக்கி எடுப்பார். ஒருவர் வராவிட்டாலும் பேணியைத் தொடமாட்டார்கள். காய்ச்சல் வருத்தமாய்ப் படுத்திருந்தால் போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். தவணை முடிந்ததும் தடியைப் பிடுங்காமல், நட்டது நட்டபடி அடுத்தவனிடம் விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு நாள் முந்தி இறங்கவும் கூடாது, ஒரு நாள் பிந்தி நிற்கவும் கூடாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பின்னால்தான். முதலே கேட்டிருந்தால் சில விசயங்கள் எனக்கு முதலே விளங்கியிருக்கும்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து எழும்பி நடந்தபோது இவரும் தென்மராட்சிக்கு நடந்தார். திரும்பி வந்து றஞ்சித்தைக் கட்டினார். றஞ்சித்தின் ஊர் வடகரையில், கீரிமலைக்கு அப்பால். அந்தோனியார்துறை என்று இங்கே வைத்துக்கொள்வோம். அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்ததால் கட்டிக்கொண்டு போய் இருக்க வீடில்லை. முகாமில்தான் குடித்தனம். பத்தொன்பது வருடம், தகரமும் தென்னோலைக் கிடுகும். மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தன. விடிய மூன்று மணிக்கு எழும்பினால்தான் கக்கூசுக்கு வரிசையில் நிற்காமல் போகலாம் என்று அவர் சொல்வார். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் மூன்று மணிக்கு முழிப்பு வருமாம்.

2016 இல் இராணுவத்தார் ஊரைத் திரும்ப விட்டார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம். றஞ்சித் மறுபடியும் கடலுக்குப் போனார். ஜெனிற்றா துறையில் இருக்கும் கொட்டிலில் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலைக்குப் போனார். முப்பது முப்பத்தைந்து பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். விடிய ஐந்து மணிக்குக் குந்தினால் மத்தியானம் ஒரு மணி ஆகும் எழும்ப. அந்தத் துறையில் மீன்வாடி இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, சங்கக் கட்டடம் இருக்கிறது, புதிதாக ஒரு சோலர் லைற்றும் இருக்கிறது. பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. ஆண்களுக்குப் பற்றைக்காடு இருக்கிறது. பெண்கள் செய்வது வேறு. காலையில் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள், வேலை முடியும்வரை தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். றொசாந்தி என்று இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் குந்தி வேலை செய்கிறவள், இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்தே சிறுநீரகத்தில் கிருமி ஏறி இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தரம் வந்தால் பழுதாகிவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஜெனிற்றா கேட்டதெல்லாம் அந்த ஒரு மலசலகூடம்தான். அதைத் தவிர அரசியலில் அவருக்கு வேறு ஒன்றும் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2018 இல் ஒரு கட்சி வந்து அடையாள அட்டைப் பிரதியை வாங்கிப் பட்டியலின் அடியில் பெயரைப் போட்டது. கட்சிக்கு ஆசனம் கிடைத்தது, வேறொருவருக்குப் போனது. 2023 இல் இன்னொரு கட்சி வந்தது. தேர்தல் தள்ளிப்போய், கடைசியில் வேட்புமனுவே இரத்தானது. நடக்காத தேர்தலுக்கு அந்த வெயிலில் வீடு வீடாக நடந்தவர் அவர். 2025 இல் நாங்கள் போனோம். எங்கள் அமைப்பாளர் கஜீபனும் நானும். கஜீபனுக்கு முப்பத்தைந்து வயது, சட்டம் படித்தவன், நன்றாகக் கதைப்பான்.

"மூண்டு தரமும் ஒரே கதையைத்தான் சொல்லுறீங்கள் தம்பி," என்றார் ஜெனிற்றா. குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. "என்ரை பேர் போனாப் போகுது. கக்கூஸ் வருமோ?"

"சபைக்குள்ளை போனால் நீங்களே பிரேரணை கொண்டு வரலாம் அக்கா. ஆரும் மறிக்க ஏலாது."

அவர் சம்மதித்தார். தேர்தலில் மொத்த வாக்குக் கணக்கில் எங்களுக்குப் பட்டியல் ஆசனம் ஒன்று விழுந்தது. அதைப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தேர்தல் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் எங்களுக்கு நாலு பெண்கள். கரையோர வாக்குகள் இந்த முறை எங்களுக்கு விழுந்திருந்தன, அதனால் முதலில் ஜெனிற்றா என்று முடிவானது. ஆனால் பட்டியலில் கஜீபனின் பெரியம்மா ஞானாம்பிகை ரீச்சரும் இருந்தார். அதனால் ஒரு தாளும் தயாரானது. நான்தான் தட்டெழுதினேன். 'எனது சொந்த விருப்பின் பேரில் உறுப்புரிமையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திகதிக்கு ஒரு கோடு.

"இது சுழற்சி முறை அக்கா," என்றான் கஜீபன். "ஒரு வருசம் நீங்கள் இருப்பியள், பிறகு மற்றவைக்கும் இடம் விடவேணும். எல்லாக் கட்சியும் இப்பிடித்தான்."

ஜெனிற்றாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். "முறையெண்டால் விடத்தானே வேணும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனையை நீட்டிக்கொண்டு கேட்டார். "திகதி?"

"அது பிறகு போடலாம்."

"ஓம், சரிதான். சீட்டு விழேக்கை போடுங்கோ."

கஜீபன் சிரித்துத் தலையை ஆட்டினான். அவனுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. வருடம் முடிய, நாலு பெண்களையும் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் பெயர் எழுதிக் குலுக்கி அடுத்தவரை எடுப்போம் என்று அவர் நினைத்திருக்கிறார். முறை என்ற சொல்லுக்கு அவர் வளர்ந்த இடத்தில் வேறு அர்த்தமே கிடையாது. எங்களைப் போன்ற ஆட்களை நம்பி ஒரு மனுசி அப்படி நினைக்கலாம் என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு வருடம் இருக்கிறது என்ற நிதானத்தில் அவர் சபைக்குப் போனார். முதல் மூன்று மாதமும் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் கொண்டு வந்த தெரு லைற்றுக்கும் வாய்க்காலுக்கும் கட்சி பார்க்காமல் கை உயர்த்தினார். "இண்டைக்கு அவைக்கு நான் செய்தால் நாளைக்கு எனக்கு அவை செய்வினம்," என்று என்னிடம் சொன்னார். கஜீபனுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் மாதம் பிரேரணையைக் கொண்டு வந்தார். நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, தன் வாயால் சொன்னாராம்.

"நாங்கள் முப்பத்திமூண்டு பேர் விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் தண்ணி குடிக்கிறேல்லை. உங்களிலை ஒரு ஆம்பிளை ஒரு நாளைக்கு அப்பிடி இருந்து பாருங்கோ."

ஒருவரும் எதிர்க்கவில்லை. பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த வருட வரவுசெலவுத் திட்டமான பாதீட்டில் சேர்ப்பதாகத் தவிசாளர் சொன்னார். தவிசாளர் வேறு கட்சி. அவர்களுக்குப் பெரும்பான்மை கிடையாது. ஆனாலும் சொன்னபடி பாதீட்டில் அதைச் சேர்த்தார். நல்ல மனத்தோடு சேர்த்தாரோ, ஜெனிற்றாவின் வாக்கைப் பிடிக்கத்தான் சேர்த்தாரோ, எனக்குத் தெரியாது. தாளில் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

மார்கழியில் வாக்கெடுப்பு. அதற்கு ஒரு கிழமைக்கு முன் எங்கள் கந்தோரில் கூட்டம். பாதீட்டைத் தோற்கடிப்பது என்று கட்சி முடிவெடுத்தது. காரணம் ஆயிரம் சொன்னார்கள். உண்மைக் காரணம் தவிசாளரை மடக்கி, எங்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்குவதுதான். ஜெனிற்றா கடைசிக் கதிரையில் இருந்தார். எல்லாரும் சொல்லி முடியும்வரை இருந்துவிட்டு எழும்பினார்.

"நான் ஆதரிச்சுத்தான் வாக்குப் போடுவன் தம்பி. அதுக்குள்ளை எங்கடை கக்கூஸ் கிடக்கு."

"கட்சி முடிவு அக்கா."

"ஓம். உங்கடை முடிவு உங்களுக்கு. நான் அந்தப் பெட்டையளுக்குச் சொல்லிப்போட்டன்."

சத்தம் போடவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் போட்டுவாறன் என்று விடை சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். கஜீபன் கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அலுமாரியைத் திறந்து, ஜெனிற்றா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தான்.

"நடராசண்ணை, உங்கடை எழுத்து வடிவு. இண்டையத் திகதியைப் போட்டு விடுங்கோ."

"தம்பி, ஒரு வருசம் எண்டெல்லோ சொன்னனாங்கள்?"

"வருசம் எண்டு தாளிலை கிடக்கோ?"

கிடக்கவில்லை. தட்டெழுதியவன் நான். என் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. நாள், மாதம், ஆண்டு, மூன்றையும் நேராக, கோட்டுக்கு மேல், சங்கக்கடைப் பற்றுச்சீட்டில் போடுவதுபோலப் போட்டேன். அந்த நேரம் நான் நினைத்தது நாலு மணி ஆகப்போகிறது, பிளேன்ரீ வரும் என்பதைத்தான். மனுசன் எவ்வளவு கேவலமாகக் களைத்துப்போக முடியும் என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜெனிற்றா வந்தார். கையில் ஒரு கடிதம். அவருடைய இராஜினாமா கிடைக்கப்பெற்றது, ஆசனம் வெற்றிடமாகியுள்ளது என்று அதில் இருந்தது. மழையில் நனைந்து, சேலைத் தலைப்பால் தலையைத் துடைத்துக்கொண்டு படியேறினார். கந்தோரில் நான் மட்டும்தான். ஏச்சு வாங்கத் தயாராகக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"சீட்டு எப்ப அண்ணை போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. என்ன சீட்டு என்று கேட்டேன். அப்போதுதான் தகப்பனின் களங்கட்டியையும் பால்மாப் பேணியையும் மூப்பரையும் சொன்னார். கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, எனக்குத் தெரியாத பாடம் சொல்லித் தருகிறவர்போல் இல்லாமல், தனக்கு ஏதோ பிழை நடந்திருக்குமோ என்று சரிபார்க்கிறவர்போலச் சொன்னார்.

"வருசம் முடியேல்லையே எண்டு யோசிச்சன். பிறகு நினைச்சன், அரசியலிலை தவணை வேறையாக்கும் எண்டு. ஆனா ஆள் இல்லாமல் குலுக்கக்கூடாது அண்ணை. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. ஆரின்ரை பேர் விழுந்தது?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். சீட்டும் இல்லை, கீட்டும் இல்லை, நீ ஆதரித்து வாக்குப் போடுவாய் என்பதால் உன்னை வெட்டினோம், திகதி போட்டது நான். சொன்னால் அழுவார், கத்துவார், கஜீபனுக்கு முன்னால் சாட்சிக்கு இழுப்பார். நான் அன்றைக்குக் களைத்திருந்தேன். அதைவிட, அவருடைய கண் என்னைப் பார்த்த விதத்தில், நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நல்ல ஆட்களாகத் தெரிந்தோம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

"ஞானாம்பிகை ரீச்சரின்ரை பேர் விழுந்தது தங்கச்சி," என்றேன். "நான் நிண்டு பாத்தனான்."

ஜெனிற்றா கடிதத்தை நாலாக மடித்தார்.

"அப்ப சரி," என்றார். "முறையெண்டால் முறைதான். ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ, கக்கூசுக்கு மட்டும் கையை உயர்த்திவிடச் சொல்லி."

ஓம் என்றேன். அவர் போனபிறகு பிளேன்ரீ வந்தது. குடித்தேன்.

ஞானாம்பிகை ரீச்சரின் நியமனம் அரச வர்த்தமானியில் வர இன்னும் நாள் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு நடந்தபோது அந்தக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது. ஜெனிற்றா இருந்திருந்தால் வாக்குகள் சமன். சமன் என்றால் தவிசாளர் தன் வாக்கைப் போட்டு நிறைவேற்றியிருப்பார். பாதீடு ஒரு வாக்கால் தோற்றது.

இரண்டு கிழமையில் திருத்திய பாதீடு வந்தது. இந்த முறை எங்கள் கட்சி ஆதரித்தது. கஜீபனின் வட்டாரத்தில் ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடுவதாக அதில் சேர்த்திருந்தார்கள். அதற்கு இடம் விடுவதற்காக மூன்று வேலைகளை வெட்டியிருந்தார்கள். அந்தோனியார்துறை மகளிர் மலசலகூடம் அதில் இரண்டாவது. வெட்டியதை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் திறக்க வேண்டியவர் வீட்டில் இருந்தார்.

தை முடிந்து மாசி பிறந்தது. மகளிர் தினத்துக்கு ஒரு பிரசுரம் வேண்டும் என்றான் கஜீபன். வழக்கமான ஆண்டுகள், வழக்கமான சட்டங்கள். முடிவில் ஒரு புது வரி சேர்க்கச் சொன்னான். 'ஓர் ஆசனத்தில் சுழற்சி முறையில் இரு பெண்களுக்குப் பிரதிநிதித்துவம் வழங்கிய ஒரே கட்சி.' இரண்டு பேரின் படமும் போடவேண்டும். ரீச்சரின் படம் கைவசம் இருந்தது. ஜெனிற்றாவின் படம் இல்லை. போய் எடுத்துக்கொண்டு வரும்படி என்னை அனுப்பினான்.

நான் மறுக்கவில்லை. நாற்பது வருடத்தில் மறுத்துப் பழக்கமில்லை. மருதனார்மடத்திலிருந்து பஸ் எடுத்து, கீரிமலையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் போனேன். காலை பத்து மணி. கொட்டிலில் எல்லாரும் வலையை மடியில் போட்டுக் குந்தியிருந்தார்கள். நண்டு வெடுக்கு மூக்கில் அடித்தது. என்னைக் கண்டதும் ஜெனிற்றா கையைக் கழுவிக்கொண்டு எழும்பி வந்து, ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துவைத்து இருக்கச் சொன்னார். எனக்குச் சோடா வாங்க யாரையோ அனுப்பினார். அவர்கள் ஒருவரும் எதுவும் குடிக்கவில்லை.

அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. றொசாந்தி எங்கே என்று கேட்டேன். மூன்றாம் தரமும் ஆஸ்பத்திரி என்றார்கள். ஒன்பது நாளாகிவிட்டதாம். ஒரு பக்கச் சிறுநீரகம் இனி வேலை செய்யாதாம்.

அப்போது வலை கழற்றிக்கொண்டிருந்த ஒரு வயதுபோன பெண் தலையை நிமிர்த்திக் கேட்டார். "உவர்தானோ ஜெனிற்றா நீ சொன்ன அண்ணை? சீட்டுப் போடேக்கை நிண்டு பாத்தவர்?"

"ஓம், உவர்தான்," என்றார் ஜெனிற்றா. என் பக்கம் திரும்பினார். "இவளவை ஒருத்தரும் நம்பினமில்லை அண்ணை. கட்சிக்காரர் உன்னைப் பிடிச்சுத் தள்ளிப்போட்டினம், வா எல்லாரும் போய்ச் சபை வாசலிலை குந்துவம் எண்டு நிண்டவை. நான்தான் மறிச்சனான். சீட்டு விழுந்தால் பிறகு ஞாயம் கதைக்கக்கூடாது, அண்ணை கண்ணாலை பாத்தவர் எண்டு சொன்னன். நீங்கள் உங்கடை வாயாலை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

முப்பது பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் என்னைப் பற்றி நல்லபடி எழுத இங்கே ஒன்றுமில்லை. துணிவு வந்து சொல்லவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் அதே பொய்யைச் சொல்ல என்னிடம் தெம்பில்லாமல் போனது, அவ்வளவுதான்.

"சீட்டுப் போடேல்லை," என்றேன். "நீங்கள் ஆதரிச்சு வாக்குப் போடுவியள் எண்டுதான் எடுத்தவை. திகதி போட்டது நான்."

யாரோ ஒருத்தி தூசணத்தில் ஏதோ சொன்னாள். அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஜெனிற்றா ஏசவில்லை. அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. விரல்களை மடித்து எதையோ எண்ணினார். பிறகு இன்னொரு தரம் எண்ணினார்.

"நான் கந்தோருக்கு வந்தது வெள்ளிக்கிழமை," என்றார். "வாக்கெடுப்புச் செவ்வாய்க்கிழமை. அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் தேர்தல் கந்தோருக்கு ஓடியிருப்பன், கையெழுத்துத்தான் என்ரை, திகதி என்ரை இல்லையெண்டு. இவளவையும் சபை வாசலுக்கு வந்திருப்பாளவை. செல்லுமோ செல்லாதோ, ஓடியெண்டாலும் பாத்திருப்பன்."

கையில் இருந்த சோடாவை நான் கீழே வைத்தேன்.

"நாலு நாள் கிடந்ததே அண்ணை," என்றார் ஜெனிற்றா. "நாலு நாள் கிடந்தது."